பச்சிலையும் பரிசோதனைக் கூடமும்

மருந்து மலையிலே விளைகிறது என்று நம்புவோர் ஒரு சாரார். மருந்து ஆலையிலே விளைகிறது என்று நம்புவோர் மற்றொரு சாரார். முன்னவர் மூலிகையைக் கண்டால் கைகூப்புவர். மாத்திரையைக் கண்டால் முகம் சுளிப்பர். பின்னவர் பச்சிலை என்ற சொல்லைக் கேட்டாலே பழமை என்று நகைப்பர். இரண்டும் பாதி உண்மைகளே. இந்தப் பாதி உண்மைகளுக்கு இடையே அகப்பட்டுத் துன்புறுவோர் நோயாளிகள். அவருள்ளும் புற்றுநோயாளிகளின் நிலை மிகவும் இரங்கத்தக்கது.

புற்றுநோய்க்கு இன்று வழங்கப்பெறும் தலையாய மருந்துகள் பலவற்றின் பிறப்பிடம் செடியே. ஆனால் செடி தந்ததைத் தந்தவாறே எவரும் நோயாளிக்குக் கொடுப்பதில்லை. பிரித்து, தூய்மை செய்து, அளவறிந்து, பல வேளைகளில் அதன் அமைப்பையே மாற்றி, அதன் பின்னரே அது மருந்தாகிறது. இயற்கை முதலடி எடுத்து வைத்தது. மனித அறிவு அடுத்த அடிகளை எடுத்து வைத்தது. இவ்வுண்மையை நம் மக்கள் உணர வேண்டும் என்பதே நம் கருத்து. தமிழ்த்துறை வெளியிடும் மலரில் வேதியியலுக்கு என்ன வேலை என்று கேட்போர்க்கு விடையும் இக்கட்டுரையிலேயே உண்டு.

சொல்லும் பொருளும்

செடிகளிலிருந்து கிடைக்கும் நைட்ரஜன் கொண்ட ஒருவகைப் பொருள்களை ஆல்கலாய்டுகள் என்பர். அபினியிலுள்ள மார்ஃபின், சின்கோனாப் பட்டையிலுள்ள குவினைன், புகையிலையிலுள்ள நிக்கோட்டின், காப்பியிலுள்ள கஃபீன் ஆகிய யாவும் இவ்வகையினவே. இப்பெயரை 1819ஆம் ஆண்டில் ஜெர்மானியரான மெய்ஸ்னர் வழங்கினார். பெயரின் முற்பகுதி அரபுச் சொல். உவர்நிலச் செடிகளை எரித்துப் பெறும் சாம்பலை அரபியர் 'அல்கலீ' என்றனர். அச்சொல்லே ஐரோப்பிய மொழிகளில் காரத்தைக் குறிப்பதாயிற்று. காரத்தைப் போன்றது என்னும் பொருளில் ஆல்கலாய்டு என்ற சொல் பிறந்தது. ஒரு சொல்லைப் பிரித்துப் பார்த்தாலே அறிவு எத்தனை நாடுகளைக் கடந்து வந்திருக்கிறது என்பது விளங்கும். அறிவுக்கு எல்லை வகுப்போர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

செடி இப்பொருள்களை நமக்காகப் படைத்துக் கொள்ளவில்லை. ஓடித் தப்ப இயலாத செடி, தன்னைத் தின்ன வரும் பூச்சியையும் விலங்கையும் விலக்க ஆக்கிக்கொண்ட காப்பே இவற்றுட் பெரும்பாலானவை. எனவே ஆல்கலாய்டு இயல்பிலே கடுமை உடையது. மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே உள்ளது அளவு என்னும் மெல்லிய கோடு மட்டுமே. 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்பது நம் பழமொழி. இங்கோ தொடக்கமே நஞ்சு. அதனை அமிர்தமாக்குவதே அறிவியலின் பணி.

நித்தியகல்யாணி

நம் வீட்டு முற்றங்களிலும் இடுகாட்டு ஓரங்களிலும் ஆண்டு முழுவதும் பூத்து நிற்கும் நித்தியகல்யாணியை அறியாதார் இலர். சுடுகாட்டு மல்லி என்று சொல்லி அதனைச் சூடாமல் விலக்கி வைத்தவர்களும் நாமே. மடகாஸ்கர் தீவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, வெப்ப நாடுகள் எங்கும் பரவியது. பல நாடுகளில் நாட்டு மருத்துவர்கள் இதன் இலைச் சாற்றை நீரிழிவுக்கு வழங்கினர்.

1952ஆம் ஆண்டில் ஜமைக்காவிலிருந்து இவ்விலைகள் கனடா நாட்டு மருத்துவர் ஒருவருக்கு வந்தன. அவர் அவற்றை மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆய்ந்துகொண்டிருந்த தம் உடன்பிறந்தார் ராபர்ட் நோபிளிடம் அளித்தார். நோபிள் தேடியது நீரிழிவு மருந்து. எலிகளுக்குச் சாற்றைக் கொடுத்துப் பார்த்தார். இரத்தச் சர்க்கரை குறையவில்லை. ஊசி வழியே செலுத்தியபோது எலிகள் சில நாள்களில் தொற்றுநோய் கண்டு மடிந்தன. வேறொருவராயின் 'பயனற்ற செடி' என்று ஒதுக்கியிருப்பார். நோபிளோ எலிகள் ஏன் மடிந்தன என்று ஆராய்ந்தார். அவற்றின் இரத்தத்தில் வெள்ளணுக்கள் பெரிதும் குறைந்திருந்தன. வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் நோயன்றோ இரத்தப் புற்று? வெள்ளணுவைக் குறைக்கும் பொருள் அந்நோய்க்கு மருந்தாகலாம் என்ற எண்ணம் அங்கே பிறந்தது. வேதியியலறிஞர் சார்லஸ் பியர் அவருடன் சேர்ந்து உழைத்து அப்பொருளைத் தூய நிலையில் பிரித்தெடுத்தார். 1958இல் அது அறிஞர் அவையில் அறிவிக்கப்பெற்றது. அதுவே வின்பிளாஸ்டின். அதே காலத்தில் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவன ஆய்வாளர்களும் இச்செடியைத் தனியே ஆராய்ந்து வந்தனர். அவர்கள் கண்ட மற்றொரு ஆல்கலாய்டு வின்கிரிஸ்டின். அது 1963இல் அமெரிக்காவில் மருந்தாக ஒப்புதல் பெற்றது.

உயிரணு இரண்டாகப் பிரியும்போது அதனுள்ளே நுண்ணிய இழைகள் உருவாகி, மரபுப் பொருளை இரு பக்கமும் சமமாகப் பிரித்து இழுக்கின்றன. அவ்விழைகளைக் கட்டும் செங்கல் போன்ற புரதத்திற்கு டியூபுலின் என்று பெயர். நித்தியகல்யாணியின் ஆல்கலாய்டுகள் டியூபுலினைப் பற்றிக்கொண்டு இழை உருவாகாமல் தடுக்கின்றன. பிரியத் தொடங்கிய அணு பிரிய முடியாமல் மடிகிறது. ஓயாது பிரிந்துகொண்டே இருக்கும் புற்றணுக்கள் இத்தாக்குதலில் மிகுதியாக வீழ்கின்றன.

இதன் பயனை ஒரு செய்தியால் உணரலாம். இரத்தப் புற்றுக்கு ஆளான குழந்தைக்கு மரணம் என்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் ஏறத்தாழ உறுதி. இன்று மருத்துவ வசதி மிக்க நாடுகளில் இந்நோயின் பெருவகைக்கு ஆளான பத்துக் குழந்தைகளில் எட்டு ஒன்பது பேர் பிழைக்கின்றனர். பல மருந்துகளின் கூட்டால் நிகழ்ந்த வெற்றி அது. அக்கூட்டில் இன்றளவும் நீங்கா இடம் பெற்றிருப்பது வின்கிரிஸ்டின். சுடுகாட்டு மல்லி என்று நாம் ஒதுக்கிய பூ, சுடுகாட்டுக்குச் செல்லவிருந்த குழந்தைகளை வீட்டுக்குத் திருப்பி அனுப்பியது.

இரண்டு அணுக்கள் செய்யும் மாயம்

வின்பிளாஸ்டின் மூலக்கூறில் 117 அணுக்கள் உள்ளன. வின்கிரிஸ்டினில் 116. முன்னதில் ஓரிடத்தில் உள்ள மெத்தில் தொகுதியில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களை நீக்கி ஓர் ஆக்சிஜன் அணுவை வைத்தால் அது பின்னதாகிறது. வேறுபாடு அவ்வளவே. ஆயின் விளைவு வேறு. வின்பிளாஸ்டின் எலும்பு மஜ்ஜையைத் தாக்கும். வின்கிரிஸ்டின் நரம்பைத் தாக்கும். ஒன்று நிணநீர்ச் சுரப்பிப் புற்றுக்கும் விதைப்பைப் புற்றுக்கும் உதவியது. மற்றொன்று குழந்தைகளின் இரத்தப் புற்றுக்குச் சிறந்தது. தமிழில் ஓரெழுத்து மாறினால் பொருள் மாறுவதை நாம் அறிவோம். 'அரம்' ஒரு புள்ளி பெற்று 'அறம்' ஆவதில்லை. எழுத்தே மாற வேண்டும். மூலக்கூறும் அத்தகையதோர் எழுத்திலக்கணம் உடையதே.

இவ்வுண்மையே ஆல்கலாய்டுகளை மாற்றியமைக்கும் முயற்சிக்கு வித்தாயிற்று. அம்முயற்சிக்கு மற்றொரு காரணமும் உண்டு. செடியில் இம்மருந்துகள் மிகமிகக் குறைவு. ஒரு கிராம் பெற நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலை வேண்டும். வின்கிரிஸ்டினுக்கு அதனினும் மிகுதி. ஆனால் வின்பிளாஸ்டினின் இரு பாதிகளான கேதரந்தினும் விண்டோலினும் இலையில் ஓரளவு தாராளமாகவே உள்ளன. அவ்விரண்டையும் கூடத்தில் இணைத்துவிட்டால் என்ன? பிரான்சு நாட்டின் ஜிஃப் நகர ஆய்வுக்கூடத்தில் பியர் போத்தியே என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் 1970களில் இவ்வழியை வகுத்தனர். அதனைத் தொடர்ந்த ஆய்வில், ஒரு வளையத்தில் ஒரு கார்பன் அணு குறைந்த புதிய மூலக்கூறு கிடைத்தது. அதுவே வினோரெல்பின். நரம்பை அது குறைவாகவே வருத்தியது. நுரையீரல் புற்றுக்கும் மார்பகப் புற்றுக்கும் பயன்பட்டது. 1989இல் பிரான்சிலும் 1994இல் அமெரிக்காவிலும் மருந்தாயிற்று. செடி படைக்காத ஒன்றை, செடி தந்த பொருளைக் கொண்டே மனிதர் படைத்தனர்.

அதே போத்தியே குழுவினர் யூ மரத்தில் செய்த பணி இன்னும் நயமுடையது. அமெரிக்க யூ மரத்துப் பட்டையில் டாக்சால் என்னும் மருந்து இருந்தது. பட்டையை உரித்தால் மரம் சாகும். போத்தியே, ஐரோப்பிய யூ மரத்தின் இலைகளில் உள்ள தொடர்புடைய பொருளை எடுத்து மாற்றியமைத்து டோசிடாக்சல் என்னும் மருந்தை உருவாக்கினார். இலையைப் பறித்தால் மரம் மீண்டும் துளிர்க்கும். இங்கே மாற்றியமைத்தல் நோயாளியை மட்டுமன்று, மரத்தையும் காத்தது.

தோல்வியிலிருந்து மீண்ட மருந்து

கேம்ப்டோதீசின் என்னும் ஆல்கலாய்டின் வரலாறு பொறுமைக்கு ஓர் இலக்கணம். சீன நாட்டு மரம் ஒன்றிலிருந்து இதனைப் பிரித்து 1966இல் இதன் அமைப்பை வெளியிட்டவர்கள், அமெரிக்காவில் பணிபுரிந்த மன்ரோ வால், மன்சுக் வானி ஆகிய இருவர். வானி மராட்டிய மாநிலத்து நந்துர்பாரில் பிறந்தவர். ஆய்வு எலிகளில் இப்பொருள் வியத்தகு பயன் தந்தது. ஆனால் இது நீரில் கரையாது. கரையச் செய்ய இதனைச் சோடிய உப்பாக மாற்றி நோயாளிகளுக்குக் கொடுத்தனர். சிறுநீர்ப்பையும் குடலும் கடுமையாகத் தாக்கப்பட்டன, பயனோ குறைந்தது. 1970களில் ஆய்வு கைவிடப்பட்டது.

பிழை எங்கே? மூலக்கூறிலுள்ள லாக்டோன் என்னும் வளையம் மூடியிருந்தால்தான் மருந்து வேலை செய்யும். உப்பாக்கியபோது அவ்வளையம் திறந்துகொண்டது. அதாவது, மாற்றக் கூடாத இடத்தில் மாற்றியிருந்தனர். 1985இல் இப்பொருள் உயிரணுவினுள் மரபு இழையின் முறுக்கை அவிழ்க்கும் நொதி ஒன்றைத் தாக்குகிறது என்பது கண்டறியப்பட்டது. ஆர்வம் மீண்டும் துளிர்த்தது. வளையத்தைத் தொடாமல், மறுமுனையில் நீரை நாடும் தொகுதிகளைச் சேர்த்தனர். ஜப்பானில் இரினோடீகான் பிறந்தது. அமெரிக்காவில் டோபோடீகான் பிறந்தது. 1996இல் இரண்டும் அமெரிக்க ஒப்புதல் பெற்றன. இன்று பெருங்குடல் புற்றுக்கு இரினோடீகான் இன்றியமையாதது. 2019க்குப் பின் இவ்வின மூலக்கூறுகளை எதிர்ப்புரதத்தோடு பிணைத்துப் புற்றணுவின் வாயிலிலேயே கொண்டு சேர்க்கும் மருந்துகளும் வந்துள்ளன. முப்பதாண்டுத் தோல்வி முடிவன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

இவ்வரலாற்றில் நமக்கும் ஒரு பங்குண்டு. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நோத்தபோடைட்ஸ் என்னும் சிறுமரத்தில் கேம்ப்டோதீசின் நிறைந்திருப்பதை 1972இல் அறிவித்தவர்களுள் முதன்மையானவர் டி.ஆர். கோவிந்தாச்சாரி. சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராகவும் முதல்வராகவும் விளங்கியவர் அவர். ஆனால் அக்கண்டுபிடிப்பின் பின்விளைவு என்ன? மரங்கள் வெட்டப்பட்டன, பட்டையும் வேரும் மூட்டைகளாகச் சென்றன. காடு மெலிந்தது.

செங்காந்தள் தரும் எச்சரிக்கை

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் மலர்களுள் முதலில் நிற்பது செங்காந்தள். இன்று அது தமிழ்நாட்டின் மாநில மலர். அதன் விதையிலும் கிழங்கிலும் கோல்சிசின் என்னும் ஆல்கலாய்டு உண்டு. அரபு மருத்துவர்கள் மூட்டுவலிக்கு வழங்கிய சூரிஞ்சான் கிழங்கிலும் உள்ளது அதுவே. இதுவும் டியூபுலினைத் தாக்குவதே. அணுப் பிரிவைத் தடுப்பதே. அங்ஙனமாயின் புற்றுக்கு மருந்தாகாதா? ஆகவில்லை. புற்றணுவைக் கொல்லும் அளவு, நல்ல அணுக்களையும் கொல்லும் அளவாக இருந்தது. மூட்டுவலிக்குச் சிற்றளவில் உதவும் இப்பொருளைப் பல வகையாக மாற்றியமைத்தும் புற்றுநோய் மருந்தாக்கும் முயற்சி இன்னும் கனியவில்லை.

மாற்றங்கள் யாவும் வெற்றி பெறுவதில்லை என்பதை இங்கே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நூற்றுக்கணக்கான மூலக்கூறுகளை ஆக்கிப் பார்த்தால் ஒன்றிரண்டே மருத்துவமனையை எட்டும். கூடத்துக் குப்பியில் புற்றணு மடிந்தது என்னும் செய்தி, நோயாளி பிழைத்தார் என்னும் செய்தி ஆகாது. இரண்டுக்கும் இடையே பத்துப் பதினைந்து ஆண்டு உழைப்பும் பல நூறு நோயாளிகளின் ஒத்துழைப்பும் உண்டு. 'அரிய மூலிகை, புற்றுநோய் இனி இல்லை' என்று தலைப்பிடுவோர் இவ்விடைவெளியை மறைக்கின்றனர்.

இரு பெருந்தவறுகள்

முதல் தவறு, செடியை அப்படியே மருந்தெனக் கொள்வது. நித்தியகல்யாணியிலிருந்து புற்றுநோய் மருந்து வருகிறது என்று கேள்வியுற்று, அதன் இலையைக் கொதிக்க வைத்துக் குடிப்போரும் குடிக்கச் சொல்வோரும் உளர். இஃது அறியாமை மட்டுமன்று, ஆபத்துமாகும். வின்கிரிஸ்டின் நாளத்தின் வழியே மில்லிகிராம் கணக்கில் செலுத்தப்படுவது. முதுகுத் தண்டு நீரில் தவறிச் செலுத்திவிட்டால் உயிரையே பறிக்கும். இத்தகைய பொருளைக் கைப்பிடி அளவில் அளக்கலாமா? இலையில் உள்ள பொருள்கள் நூற்றுக்கு மேற்பட்டவை. எது எவ்வளவு உள்ளது என்பது மண்ணுக்கு மண், பருவத்துக்குப் பருவம் மாறும். கசாயத்தை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடும் நோயாளி இழப்பது காலம். தொடக்கத்தில் கண்டால் தீரும் நோய், கடைசியில் கண்டால் தீர்வதில்லை. 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் அடையாற்றில் புற்றுநோய் நிலையம் எழுந்த நாடு இது. நோயாளிக்கு வழிகாட்டும் பெரியோர்கள் முதலில் மருத்துவமனைக்கு வழிகாட்டட்டும்.

இரண்டாம் தவறு, மூலப்பொருளை விற்றுவிட்டு நிறைவு கொள்வது. நம் தென்மாவட்டத்து மானாவாரி நிலங்களில் நித்தியகல்யாணி பயிராயிற்று. இலையும் வேரும் கப்பலேறின. செங்காந்தள் விதை இன்றும் ஏற்றுமதியாகிறது. உழவருக்கு அதனால் வருவாய் கிடைப்பது நன்றே. பின்னர் நம் நாட்டு நிறுவனங்களும் வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் முதலியவற்றைத் தாமே செய்து குறைந்த விலைக்குத் தருவதும் பெருமைக்குரியதே. எனினும் எண்ணிப் பாருங்கள். செடி மடகாஸ்கரது, மருந்தாக்கியது அமெரிக்கா, மாற்றியமைத்தது பிரான்சு. மரம் சீனாவுக்கும் நமக்கும் உரியது. மாற்றியமைத்தவை ஜப்பானும் அமெரிக்காவும். பிறர் மாற்றியதைச் செம்மையாகச் செய்யக் கற்றோம். நாமே மாற்றக் கற்றோமா? நம் மலையில் விளைந்த ஆல்கலாய்டை நம் கூடத்தில் மாற்றியமைத்து, உலகம் ஏற்ற புற்றுநோய் மருந்தென நாம் நீட்டும் நாள் என்று வரும்?

செடி பிறந்த நாட்டுக்கு அதன் பயனில் பங்கு வேண்டும் என்பதை உலகம் தாமதமாகவே உணர்ந்தது. நம் நாட்டில் 2002இல் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது; 2010இல் நகோயா உடன்பாடு ஏற்கப்பெற்றது. சட்டம் வேலி போடும். ஆனால் வேலிக்குள் பயிரிட வேண்டியவர் நாமே. இப்பொழுது இன்னொரு மாற்றமும் நிகழ்கிறது. 2022இல் டென்மார்க்கை மையமாகக் கொண்ட ஆய்வுக் குழுவினர், ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரின் மரபைத் திருத்தி, விண்டோலினையும் கேதரந்தினையும் அதனைக் கொண்டே ஆக்கிக் காட்டினர். இம்முறை தொழிலாக வளருமாயின் இலைக்கு மதிப்பு எங்கே? இலையை மட்டும் நம்பியிருப்போர் கை வெறுங்கையாகும். அறிவை நம்பியிருப்போர் கை நிறையும்.

நாம் செய்யத்தக்கன

'ஒரு கல்லூரி புற்றுநோய் மருந்தைக் கண்டுபிடித்துவிடுமா?' என்று கேட்கலாம். கண்டுபிடிக்காது. ஆனால் கண்டுபிடிப்போரை உருவாக்கும். ஒரு கல்லூரியால் இயலும் பணிக்குச் சான்று திருச்சி தூய வளனார் கல்லூரியிலேயே உண்டு. அங்கே 1967இல் அமைந்த ராபினட் உலர்தாவரகத்தில் அருட்தந்தை கே.எம். மத்தேயு அவர்கள் தமிழகத் தாவரங்களைத் தொகுத்து எழுதிய பெருநூல் இன்றும் ஆய்வாளர்க்குக் கைவிளக்கு. பொன்னும் பொருளுமன்று, பொறுமையும் முறைமையுமே அப்பணிக்கு மூலதனம்.

தமிழ்த்துறைக்கும் இங்கே பணி உண்டு. வெண்ணிறப் பூவுடைய கரிசலாங்கண்ணியும் மஞ்சள் பூவுடைய கரிசலாங்கண்ணியும் பெயரால் ஒன்று, இனத்தால் வேறு. சுவடியில் வரும் பெயர் எச்செடியைக் குறிக்கிறது என்று தெளியாமல் வேதியியலார் எதனை ஆய்வர்? பெயரில் பிழையானால் பொருளிலும் பிழையாகும். சுவடியைப் படிக்கத் தெரிந்தவர் தமிழாசிரியர். செடியை அடையாளம் காணத் தெரிந்தவர் தாவரவியலாசிரியர். அதனுள்ளிருப்பதைப் பிரிக்கத் தெரிந்தவர் வேதியியலாசிரியர். இம்மூவரும் ஒரே வளாகத்தில் அடுத்தடுத்த கட்டடங்களில் இருந்தும் ஒருவரோடொருவர் பேசாதிருப்பது முறையா? மூன்று துறையும் சேர்ந்து, தம் வட்டாரத்துச் செடிகளுக்குப் பெயர், வழக்கு, தாவர இனம் ஆகியவற்றைப் பதிவு செய்யும் ஏடொன்றைத் தொடங்கலாம். மாணவர் இருவர் ஓராண்டில் ஐம்பது செடிகளைப் பதிவு செய்தாலும் போதும்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு சொல். வேதியியலில் வளையங்களையும் பிணைப்புகளையும் மனப்பாடம் செய்து தேர்வுத்தாளில் கொட்டிவிட்டு மறந்துவிடாதீர்கள். நீங்கள் வரையும் அவ்வளையத்தை மூடி வைப்பதா திறந்து வைப்பதா என்பதில் ஒரு நோயாளியின் வாழ்வு இருந்தது என்பதை நினைவில் கொள்ளுங்கள். எதிர்பார்த்த விடை வராதபோது சலிப்படையாதீர்கள். நோபிள் எதிர்பார்த்தது வந்திருந்தால் நமக்கு இன்னுமொரு நீரிழிவு மருந்து மட்டுமே கிடைத்திருக்கும்.

சமுதாயப் பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். கட்டடம் எழுப்பக் கொடை தரும் கைகள் நம்மிடையே பல உண்டு. அக்கைகள் ஆய்வுக்கூடத்துக்கும், அறிவியலில் உயர்கல்வி பெற விழையும் ஏழை மாணவ மாணவியர்க்கும் நீளட்டும். முதுகலையோடு நின்றுவிடும் பெண்பிள்ளைகள் ஆய்வுப் படிப்பைத் தொடர வீட்டார் இடம் தரட்டும். புற்றுநோய் ஒரு குடும்பத்தை வருத்தும்போது நாம் தரும் ஆறுதல் பெரிது. அந்நோயை வெல்லும் அறிவை வளர்க்க நாம் தரும் பொருள் அதனினும் பெரிது.

செடி தன் கடமையைச் செய்துவிட்டது. வேலியோரத்தில் வெயிலிலும் வறட்சியிலும் பூத்து நிற்கிறது. அதனைப் போற்றுவதாகச் சொல்லிக் கொதிக்க வைத்துக் குடிப்பதும், மூட்டை கட்டி விற்பதும் போற்றுதல் ஆகா. அதனை அறிந்து, காத்து, அதற்கு மேலும் ஓரடி எடுத்து வைப்பதே உண்மையான போற்றுதல் என்பது நம் துணிபு. அவ்வடியை எடுத்து வைக்கும் கால்கள் நம் கல்லூரிகளிலிருந்து புறப்பட வேண்டும்.